மைத்துனன் எண்ணிய கணக்கு

1994ஆம் ஆண்டு மே மாதம் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு இருபதுக்கு, முத்தந்துறை ஐஸ் கம்பெனியின் சேமிப்பு அறைக்குள் நானூற்றுப் பன்னிரண்டு ஐஸ் பாளங்களும் செசிலி வாஸ் என்ற அறுபத்தொரு வயது மீன்காரியும் இருந்தார்கள். பாளங்கள் அங்கே இருக்க வேண்டியவை. செசிலி கூடைக்கு ஐஸ் எடுக்கப் போனவள். கடற்காற்று கதவை அடித்துச் சாத்த, வெளிப்புறத்து இரும்புத் தாழ் தானாக விழ, இயந்திரச் சத்தத்தில் அவள் கத்தியது யாருக்கும் கேட்காமல் போக, இனிச் சாவுதான் என்று முடிவு கட்டி, மடியிலிருந்த செபமாலையை எடுத்து, முதலில் மூன்று, பிறகு பத்துப் பத்தாக ஐந்து முறை என்று, மாதாவை நோக்கிய மங்கள வார்த்தை செபம் ஐம்பத்து மூன்றையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடித்தாள். கடைசி மணியை அவள் விரல் தாண்டிய நேரத்தில் ஆபரேட்டர் எதேச்சையாகக் கதவைத் திறந்தார். செசிலி வெளியே வந்தாள். வந்த பிறகும் உள்ளே ஒரு செசிலி நின்றாள்.

உள்ளே நின்றது ஐஸ். அவள் மேல் படிந்து இறுகியிருந்த பனி, நண்டு தன் ஓட்டைக் கழற்றுவதுபோல முதுகுப் பக்கம் பிளந்து, முழுசாகக் கழன்று, அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு வளைந்த இடது முழங்கால் இருந்தது, புரை விழுந்த வலது கண் இருந்தது, இருபது வருடத்துச் சர்க்கரையின் கறுப்பு கணுக்காலில் இருந்தது. வெளியே வந்தவளுக்கு இவை எதுவும் இல்லை. அவள் ஆபரேட்டரிடம் ஒரு டீ வாங்கிவரச் சொன்னாள், நேற்று ராத்திரியிலிருந்து வெறும் வயிறு என்றாள், குடித்து முடித்ததும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நாலு மைல் தள்ளியிருக்கும் சந்தைக்கு நடந்தே போனாள்.

முத்தந்துறை இதற்கெல்லாம் வாயைப் பிளக்கிற ஊர் இல்லை. கடற்கரைக்காரர்களுக்குக் கடல் என்னென்னவோ கொண்டுவந்து போடும். வந்தது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை, அதை ஏலம் விடுவதா, புதைப்பதா, கும்பிடுவதா என்பதுதான் கேள்வி. ஒரு மாதத்துக்குள் பன்னிரண்டு பேர் ஐஸ் அறைக்குள் போய்வந்தார்கள். ஒரு மாதத்துக்குள் ஊர்க் கமிட்டி நான்கு முறை கூடியது. கழன்ற ஓட்டைக் கல்லறையில் புதைக்கலாமா என்று கேட்டபோது பங்குச் சாமியார், அதில் ஆன்மா இல்லை, அதனால் கல்லறை வேண்டாம், ஆனால் ஒரு மனுசன் பட்ட பாடு இருக்கிறது, அதனால் சாக்கடையும் வேண்டாம் என்றார். ஆகவே வீட்டார் நான்கு பேர் அதைத் தோளில் சுமந்துபோய்க் கடலில் இறக்கிவிடுவது வழக்கமாயிற்று. நாற்பது வயதுக்குக் குறைந்தவர்கள் போகக் கூடாது என்று ஆயிற்று. கல்யாணம் நிச்சயமான ஒருவன் போய்விட்டுக் கழற்ற ஒன்றும் இல்லாமல் தடுமனோடு திரும்பி வந்திருந்தான். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து பட்டினி கிடக்க வேண்டும். ஒருமுறை போனவர் அடுத்த நாற்பது நாள் போகக் கூடாது. உள்ளே இருப்பவர் முதல் மூன்றும், பிறகு ஒவ்வொரு பத்தும் முடிந்ததும் கதவை ஒருமுறை தட்ட வேண்டும். எண்ணிக்கை ஐம்பத்து மூன்று.

நகரத்திலிருந்து கற்பகவல்லி என்ற டாக்டர் வந்தார். இளவயதுப் பெண், பேச்சில் அலட்டல் இல்லை. "உடம்புக்கு அளவா ஒரு கஷ்டம் குடுத்தா, தூங்கிக்கிட்டு இருக்கிற ஒவ்வொரு செல்லும் முழிச்சுக்கும். பசிச்சா தன் வீட்டுக் குப்பையைத் தானே எரிச்சுத் தின்னும். குளிருக்குப் பயந்து அடுப்பைப் புதுசா மூட்டும். கஷ்டம் குறைஞ்சா ஒண்ணும் நடக்காது. கூடுனா ஆளே இருக்க மாட்டாங்க. அளவுதான் மருந்து" என்று ஊர்க் கூட்டத்தில் சொன்னார்.

ஊர்த்தலைவர் பெர்க்மான்ஸ் கோமஸ் தலையை ஆட்டினார். "இதைத்தாம்மா நாங்க கயிறுன்னு சொல்லுதோம்."

டாக்டர் கைக்கடிகாரத்தை வைத்துப் பதினேழு நிமிடம் என்று கணக்குப் போட்டு நான்கு பேரை அனுப்பிப் பார்த்தார். நான்கு பேருக்கும் காய்ச்சல் வந்தது, ஓடு வரவில்லை. ஐஸுக்கு நிமிடம் தெரியாது, செபம்தான் தெரியும் என்று ஊர் அதோடு அந்தப் பேச்சை விட்டது.

கயிறு என்று தலைவர் சொன்னதற்கு அர்த்தம் உண்டு. முத்தந்துறையில் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றை அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். மகன் பிடித்தால் பயந்துபோய்ச் சீக்கிரம் தூக்கிவிடுவான். பங்காளி பிடித்தால் தூக்க மறந்துவிடுவான். மைத்துனனுக்கு அக்காள் தாலி அறுக்கவும் கூடாது, அவள் வீட்டு அடுப்பு அணையவும் கூடாது. ஆகவே அவன் முன்னாலும் தூக்க மாட்டான், பின்னாலும் தூக்க மாட்டான். ஐஸ் அறை வாசலிலும் மைத்துனனே நின்று எண்ண வேண்டும், பெண்ணாக இருந்தால் அவளுடைய அண்ணனோ தம்பியோ எண்ண வேண்டும் என்று கமிட்டி எழுதிவைத்தது. மைத்துனன் இல்லாதவர்கள் இரவல் மைத்துனனைத் தேடி அலைந்தார்கள். நாலு அக்காமார்களோடு பிறந்த ஒருவனுக்கு அந்த ஆடி மாதம் முழுக்க விருந்துச் சாப்பாடுதான்.

ஆகஸ்டில் சந்தியாகு ரொட்ரிகோ உள்ளே போனார். அவர் மைத்துனன் பக்திமான். நாலாவது பத்தில் எண்ணிக்கை தவறிப்போயிற்று. செபமாலையில் தவறினால் முதலிலிருந்து தொடங்குவது அவனுடைய தாயார் பழக்கிய பழக்கம், அவனும் முதலிலிருந்து தொடங்கினான். கதவைத் திறந்தபோது உள்ளே ஒரே ஒரு சந்தியாகுதான் நின்றார், அவர் உள்ளங்கால் வரை ஐஸ். அவரைச் சவப்பெட்டியில் வைத்துத்தான் அடக்கம் செய்தார்கள். கல்லறை போகிற வழி முழுக்கப் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. அதற்குப் பிறகும் யாரும் ஐஸ் அறையை மூடச் சொல்லவில்லை. எண்ணுகிறவன் சரியாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள்.

புளோரா தல்மேதா அந்த அடக்கத்தில் கடைசி வரிசையில் நடந்தாள். நாற்பத்தொன்பது வயது, கருவாட்டுக் களத்தில் வேலை. சந்தியாகுவுக்காக அவள் அழவில்லை, சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, தன் வீட்டுக்காரருக்கு யார் எண்ணுவார்கள் என்று யோசித்துக்கொண்டு நடந்தாள்.

அவள் வீட்டுக்காரர் கஸ்பார் முப்பது வருடம் சங்கு குளித்தவர். ஒரு மூச்சில் கடலடியில் நூறு அடி எடுத்து வைப்பார் என்று பேர் வாங்கியவர். இப்போது வாசலிலிருந்து கிணற்றடிக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருகிறார். நெஞ்சுக்குள் கிளிஞ்சல் மூட்டை உரசுவதுபோல ஒரு சத்தம். டாக்டர் கற்பகவல்லி குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, புளோராவை வெளியே கூப்பிட்டு, கிறிஸ்துமஸைப் பார்ப்பது கஷ்டம் என்று சொல்லியிருந்தார்.

புளோராவுக்குக் கூடப்பிறந்தவன் இருந்தான். இஞ்ஞாசி, அவளுக்கு நாலு வயது இளையவன், அடுத்த தெருவில் சைக்கிள் கடை. பதினொரு வருடமாக அவனும் கஸ்பாரும் பேசுவதில்லை. 1983இல் கஸ்பார் கடலடியில் ஒரு வலம்புரிச் சங்கின் மேல் கை வைத்த நேரத்தில் மேலேயிருந்து இஞ்ஞாசி கயிற்றைத் தூக்கிவிட்டான். படகில் ஏறியதும் கஸ்பார் எட்டுப் பேர் முன்னால், கடல் தண்ணீர் சொட்டுகிற கையால், அவன் கன்னத்தில் அறைந்தார். இஞ்ஞாசி கயிற்றைச் சுருட்டி அவர் காலடியில் வைத்துவிட்டு நீந்தியே கரைக்கு வந்தான். அதற்குப் பிறகு அவன் கயிற்றைத் தொடவில்லை, கடலையும் தொடவில்லை.

ஆகவே செப்டம்பரில் புளோராவே எண்ணினாள். கமிட்டி முனகியது, வேறு வழியில்லை என்று விட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் புருசன், இந்தப் பக்கம் அவள். கையில் மணி, மனசில் சந்தியாகுவின் பெட்டி. அவள் சொல்லவில்லை, ஓடினாள். ஒரு செபத்தின் வாலை அடுத்த செபத்தின் தலை கடித்தது. ஐம்பத்து மூன்று முடிந்து கதவைத் திறந்தபோது கஸ்பார் கழற்றிய ஓட்டில் இரண்டு காலும் இடுப்பும் முதுகும் இருந்தன, நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் முறத்தளவுக்கு ஓட்டை. முழங்கால் வலி போயிற்று, மூச்சு அப்படியே இருந்தது.

"காலைச் சரிபண்ணி என்ன செய்ய? நடந்துபோயா சங்கு எடுக்கப் போறேன்?" என்றார் கஸ்பார்.

நாற்பது நாள் கழித்து இன்னொரு முறை. இந்தத் தடவை நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று புளோரா நாக்கைக் கடித்துக்கொண்டுதான் தொடங்கினாள். முப்பது வரை நிதானம் இருந்தது. பிறகு உள்ளேயிருந்து ஒரு இருமல் கேட்டது, அவ்வளவுதான். ஓட்டில் இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை. அந்தத் தட்டளவு நெஞ்சுதான் கஸ்பாரைக் கொன்றுகொண்டிருந்தது.

"நீ எண்ணாதட்டி. உனக்குப் பயம். பயந்தவ கையில கயிறு நிக்காது" என்றார்.

மூன்றாம் முறைக்குத்தான் தாங்குவார், நாலாவது என்று ஒன்று இல்லை, உடம்பில் அதற்குச் சரக்கு கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிசம்பர் முதல் வாரம் புளோரா தம்பி கடைக்குப் போனாள். இஞ்ஞாசி ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

"லேய், அவ்வொளுக்கு நீதான் எண்ணணும்" என்றாள், வீட்டுக்காரரைச் சொல்லி.

"அந்த ஆளுக்கு நான் கயிறு பிடிக்க மாட்டேன்க்கா."

"கயிறு இல்லலே, மணி."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அவ்வொ செத்தா நான் உன் வாசலுக்குத்தான் வருவேன்."

"வந்துரு. அரிசி இருக்கு."

புளோரா போகவில்லை. கடை வாசலில் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தாள். ஒரு பஞ்சர் முடிந்தது, ஒரு செயின் மாட்டியாயிற்று, ஒரு பெல்லுக்கு எண்ணெய் போட்டாயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை. இஞ்ஞாசி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் கேட்டான்.

"அந்த ஆளு கூப்பிட்டாரா, நீயா வந்தியா?"

"நானாத்தான் வந்தேன்."

"பொய் சொல்லத் தெரியாது உனக்கு. அவரு கூப்பிட்டாருன்னு புளுகியிருந்தா நான் சம்மதிச்சிருக்க மாட்டேன்" என்றான். பிறகு, "என்னைக்கு?" என்றான்.

டிசம்பர் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. ஐஸ் கம்பெனி வாசலில் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். அறைந்தவரும் அறை வாங்கியவரும் பதினொரு வருடம் கழித்து நேருக்கு நேர் நிற்கப் போகிறார்கள் என்பதற்காகவே கடலுக்குப் போகாமல் இருந்தவர்கள் அதில் பாதி. கஸ்பார் இடுப்பில் ஒரு துண்டோடு வந்தார். விலா எலும்புகளைத் தூரத்திலிருந்து எண்ணலாம். செசிலி முன்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டு, "மாமனும் மச்சானும் இன்னைக்காவது வாயைத் திறப்பாவளா, இல்ல ஐஸுதான் பேசணுமா?" என்றாள்.

கஸ்பார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"எத்தனை எண்ணுவ?"

"அம்பத்து மூணு" என்றான் இஞ்ஞாசி, கதவைப் பார்த்து.

"அறுபத்து மூணு எண்ணு."

கூட்டம் அசைந்தது. சந்தியாகுவின் மைத்துனன் எங்கோ பின்னாலிருந்து "ஐயோ" என்றான்.

"ஊர்க் கணக்கு அம்பத்து மூணு."

"ஊர்ல எல்லாவனும் என்னை மாதிரி மூச்சுப் பிடிச்சவனா? எனக்கு இந்த நெஞ்சு மட்டும் கழரல. அம்பத்து மூணுல ரெண்டு தடவ பாத்தாச்சு. இன்னும் ஒரு பத்து வேணும். அன்னைக்கும் இப்படித்தான், இன்னும் ஒரு கை நீட்டுனா சங்கு. நீ தூக்கிட்ட." மூச்சு வாங்கியது. தூணைப் பிடித்துக்கொண்டார். "மாதா மேல சத்தியம் பண்ணு. அறுபத்து மூணு எண்ணுவேன்னு. இல்லன்னா நான் உள்ள போகல. வீட்ல கிடந்தே சாவுதேன்."

புளோரா எண்ணினால் செபத்தை ஓட்டுவாள், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இரண்டு முறையும் அந்த ஓட்டத்தில் நேரம்தான் குறைந்தது, எண்ணிக்கை இல்லை. நிதானமாகச் சொன்னால் ஐம்பத்து மூன்றே போதும் என்பதை அவள் இப்போது எப்படிச் சொல்வாள், யார் கேட்பார்கள்? தம்பியைப் பார்த்தாள். இஞ்ஞாசி அவளைப் பார்த்தான், அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் செபமாலைச் சிலுவையின் மேல் கை வைத்தான்.

"மாதா மேல சத்தியம். அறுபத்து மூணு எண்ணுவேன்."

கஸ்பார் உள்ளே போனார். தாழ் விழுந்தது.

இஞ்ஞாசி இடது உள்ளங்கையைக் கதவின் மேல் பதித்தான். வலது கையில் மணி. முன்பு படகில் கயிற்றைப் பிடிக்கும்போது எப்படி நிற்பானோ, ஒரு கால் முன்னால், தலை சற்றுக் குனிந்து, அப்படி நின்று, படகில் எப்படி எண்ணுவானோ அப்படியே தொடங்கினான். அலை ஏறி இறங்குவது மாதிரி ஒரு செபம், ஏறி இறங்கி ஒரு செபம், வேகமும் இல்லை, தூக்கமும் இல்லை. மூன்று. ஒரு தட்டல் கேட்டது. பதிமூன்று. தட்டல். கூடியிருந்த பெண்கள் பதில் செபம் சொன்னார்கள், அவன் வேகத்துக்கு மேலே போகப் பார்த்தவர்களை அவன் குரல் பின்னால் இழுத்து நிறுத்தியது. இருபத்து மூன்று. தட்டல் கேட்கக் கொஞ்சம் தாமதம் ஆயிற்று. முப்பத்து மூன்று. தட்டல் கேட்டதா, இயந்திரம் இருமியதா என்று தெரியாத அளவுக்கு மெல்லிசாக ஒன்று.

நாற்பத்து மூன்று. ஒன்றும் கேட்கவில்லை.

"லேய். தட்டல."

இஞ்ஞாசி அடுத்த மணிக்குப் போனான்.

"லேய், தட்டலலே!"

அவன் நிற்கவில்லை, அவசரப்படவும் இல்லை. புளோரா தாழைப் பிடிக்கப் பாய்ந்தாள்; மணி பிடித்த கையின் முழங்கையால் அவளைத் தடுத்தான், செபம் வாயில் ஓடிக்கொண்டே இருந்தது. பதினொரு வருடத்துக்கு முன்னால் இதே ஆளைச் சீக்கிரம் தூக்கியதற்குத்தானே அடி வாங்கினான், இன்றைக்குத் தூக்கவே மாட்டான், அறுபத்து மூன்றையும் எண்ணுவான், சத்தியம் என்று சொல்லிக்கொள்வான், ஊர் அவனைக் குற்றம் சொல்ல முடியாது என்று அவளுக்கு உறைத்தது. அவன் முழங்கையைக் கடித்தாள். ரத்தம் வந்தது. நாற்பத்தெட்டு. செசிலி வந்து அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தாள், புது முழங்கால்காரியின் பிடி இரும்பு மாதிரி இருந்தது. "அவன் கையைப் பாரு" என்றாள் செசிலி காதுக்குள். "கதவு மேல இருக்கிற கையைப் பாரு, புளோரா."

இஞ்ஞாசியின் இடது உள்ளங்கை கதவில் அசையாமல் பதிந்திருந்தது, கடலடியில் இருக்கிறவனின் உயிர் கயிற்றில் எப்படித் துடிக்கும் என்று தெரிந்தவனின் கை. ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. ஐம்பத்து மூன்று.

அவன் கையை எடுத்தான். மணி நிற்கவில்லை, குரலும் நிற்கவில்லை, ஐம்பத்து நான்காவது செபத்தைத் தொடங்குவதற்கு முன்னால் இருந்த அந்த ஒரு மூச்சு இடைவெளியில் சொன்னான்:

"நான் எண்ணி முடிக்கேன்க்கா. நீ தெற."

புளோரா தாழைத் தூக்கினாள். கதவு வரவில்லை. விளிம்பு முழுக்கப் பனி பிடித்து ஒட்டியிருந்தது. ஐம்பத்தைந்து. பெண்கள் ஐஸ் உடைக்கிற கட்டைகளை எடுத்துவந்து விளிம்பில் அடித்தார்கள். ஐம்பத்தேழு. ஆபரேட்டர் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். இஞ்ஞாசி ஓரமாக நகர்ந்து நின்று, கடித்த இடத்திலிருந்து ரத்தம் மணியில் வடிய, எண்ணிக்கொண்டே இருந்தான். ஐம்பத்தொன்பதில் கதவு திறந்தது.

உள்ளே இரண்டு கஸ்பார்கள் நின்றார்கள். இரண்டு பேரும் அசையவில்லை, இரண்டு பேரும் வெள்ளை. எவர் தன் வீட்டுக்காரர் என்று புளோராவுக்குத் தெரியவில்லை. இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியவில்லை. அறுபது. பின்னால் நின்றவர் மூச்சை இழுத்தார். கடலடியிலிருந்து மேலே வருகிற சங்குகுளிகள் தண்ணீருக்கு வெளியே தலை நீட்டியதும் இழுக்கிற அந்த மூச்சு, சீழ்க்கை மாதிரி, கரையில் நிற்கிற பெண்டாட்டிகளுக்குக் கேட்கிற மூச்சு. பத்து வருடமாக அவள் அதைக் கேட்கவில்லை. முன்னால் நின்றதற்கு நெஞ்சு முழுசாக இருந்தது, உள்ளே கரிப்புகை அடைத்த கண்ணாடி மாதிரி கறுத்திருந்தது.

கஸ்பார் வாசல் வரை தானே நடந்து வந்தார், காதில் இன்னும் பனி அடைத்திருந்தது. அறுபத்திரண்டு. அறுபத்து மூன்று. ஆமென். இஞ்ஞாசி சிலுவையை முத்தமிட்டு மாலையை மடித்தான்.

"எத்தனை?" என்றார் கஸ்பார்.

"அறுபத்து மூணு."

கஸ்பார் தன் கையை உயர்த்தினார். தண்ணீர் சொட்டுகிற கை. அந்தக் கை இஞ்ஞாசியின் கன்னத்தில், அதே கன்னத்தில், மெதுவாகப் பதிந்து அங்கேயே இருந்தது.

"பாத்தியா மச்சான், அந்தக் கடைசிப் பத்துதான் வேல செஞ்சிருக்கு. அம்பத்து மூணுல தூக்கியிருந்தா இது வந்திருக்காது."

முப்பது பேரில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. செசிலி வெற்றிலையைத் துப்பிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். ஒரு ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு பொய்யைத் தோளில் தூக்குவது, நாலு பேர் ஒரு ஐஸ் ஓட்டைத் தூக்குவதைவிடச் சுலபமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் வந்தது, போயிற்று. பிப்ரவரியில் கஸ்பார் கடலில் இறங்கினார், கயிறு இஞ்ஞாசி பிடித்தான். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள், ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்தார்கள், டாக்டர் அதற்குத் திட்டினார். சாயங்காலத்தில் கஸ்பார் சட்டை போடாமல் கடற்கரையில் நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அறுபத்து மூன்றைப் பற்றிச் சொன்னார். திருவிழாவுக்குப் போன ஊரிலெல்லாம் சொன்னார், கல்யாண வீட்டில் சொன்னார், மீன் லாரி டிரைவர்களிடம் சொன்னார். ஊர்க் கணக்கு சும்மா பயந்தாங்குளிகளுக்கு, மூச்சு உள்ளவனுக்கு அறுபத்து மூன்று என்றார். நெஞ்சைத் தட்டிக் காட்டினார், அது நன்றாகத்தான் சத்தம் கொடுத்தது. டாக்டர் கற்பகவல்லி அளவைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஐஸ் கம்பெனிச் சுவரில் ஒட்டிய ஒரு நோட்டீஸில் இருந்தது. கஸ்பாரின் நெஞ்சு கண்ணுக்கு எதிரில் இருந்தது.

ஜூலையில் அடுத்த ஊர் வெள்ளந்துறைக்காரர்கள் தங்கள் ஐஸ் கம்பெனியிலும் ஒரு அறையைக் காலி செய்து, கதவுக்கு வெளிப்பக்கத் தாழ் போட்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அன்று புளோரா தம்பி கடைக்குப் போய் அதே டயரில் உட்கார்ந்தாள்.

"சொல்லிரலாம்லே. அம்பத்து மூணுலயே தாழைத் தூக்கிட்டோம்னு."

இஞ்ஞாசி ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அது கோணுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். முழங்கையில் அவள் பல் தடம் இன்னும் வெள்ளையாக இருந்தது.

"சொன்னா என்ன செய்வாரு தெரியுமா? அப்ப இன்னும் ஒரு பத்து பாக்கி இருக்குன்னு சொல்லிட்டுத் திரும்ப உள்ள போவாரு. என்னையே எண்ணச் சொல்லுவாரு. எத்தனை தடவக்கா நான் தூக்குறது?"

சக்கரம் நின்றது. புளோரா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவரின் மூச்சுச் சத்தம் கடற்கரையிலிருந்து அங்கே வரை கேட்பதுபோல இருந்தது. அவர் யாரிடமோ அறுபத்து மூன்றை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, களத்தில் கருவாடு காய்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

1995ஆம் ஆண்டு டிசம்பர் எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, மாதா திருநாளன்று காலை பதினொன்று பத்துக்கு, வெள்ளந்துறை ஐஸ் அறைக்குள் அருளப்பன் மிராண்டா என்ற நாற்பத்து நான்கு வயதுக் கட்டுமரக்காரர் போனார். வாசலில் நின்று எண்ணியவன் அவருடைய மைத்துனன். அவசரப்படாமல், இடையில் தவறாமல், அறுபத்து மூன்றையும் எண்ணி முடித்துவிட்டுக் கதவைத் திறந்தான். உள்ளே ஒரே ஒரு அருளப்பன்தான் நின்றார்.